வாசகர் கேள்வி: பக்கத்து எஸ்டேட் ஆடுகள் என் மரக்கன்றுகளைத் தின்கின்றன, சுடலாமா?

ஸ்காட்லாந்தின் தெற்கிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். மனைவிக்கு அங்கே மருத்துவமனையில் வேலை, இவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. மோஃபட் மலைகளுக்கு எட்டும் தொலைவில் ஒரு பழைய பண்ணை வீட்டையும் அதோடு சேர்ந்த நாற்பது ஏக்கர் மலைச்சரிவையும் வாங்கினார்கள். அரசு மானியத்தில் பன்னிரண்டு ஏக்கருக்கு பிர்ச், ரோவன், வில்லோ கன்றுகளை நட்டார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் பாதிக் கன்று மொட்டையாகிவிட்டது, மலையில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் வெள்ளாடுகள்தான் தின்றன என்கிறார். மேற்கே இருப்பது வேட்டை எஸ்டேட், அங்கே காசு வாங்கிக்கொண்டு கொம்பு பெருத்த கிடாக்களைச் சுட ஆள் கூட்டி வருகிறார்கள், ஆகவே அவர்களுக்கு ஆடு வேண்டும். கிழக்கே புதிதாக நிலம் வாங்கிக் காடு வளர்க்கிற நிறுவனம், அவர்களுக்கு ஒரு ஆடுகூட வேண்டாம். வடக்கே ஒரு அறக்கட்டளையின் நிலம், அவர்கள் "பார்க்கலாம்" என்பதோடு சரி. இவர் கேட்பது: "நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சட்டப்படி நான் சுடலாமா? சுட்டால் தீருமா? பிடித்து வேறெங்காவது விட முடியாதா? பத்து வயது மகள் சுடக்கூடாது என்று அழுகிறாள். மூன்று எஸ்டேட்டுக்காரர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர என்ன வழி?"

வணக்கம். உங்கள் கடிதத்தோடு வந்த படங்களில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தக் கன்றுகளைத் தின்றது ஆடுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோபப்படாதீர்கள். ஆடுகளைக் கண்ணால் பார்த்தீர்கள், கன்று மொட்டையாக நிற்பதையும் பார்த்தீர்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் இரண்டில் தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது. அது முயல் வேலை. ஆட்டுக்கும் மானுக்கும் செம்மறிக்கும் மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது, ஆகவே அவை கடித்தால் தண்டு பிய்ந்து நார் நாராகத் தொங்கும். மீதி ஐந்து படங்களில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அது ஆடா, ரோ என்ற சிறிய மானா என்று வெட்டை மட்டும் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பவும் வேண்டாம். உயரத்தைப் பாருங்கள். பின்னங்காலில் நின்று ரோவன் கிளையை வளைத்துத் தின்பது வெள்ளாட்டுக்குக் கைவந்த கலை, ரோ மானுக்கு எட்டாத உயரத்தில் கடி இருந்தால் சந்தேகம் ஆட்டின் பக்கம் சாய்கிறது. மரப்பட்டை உரிந்திருக்கிறதா, பல்தடம் தெரிகிறதா, வேலிக் கம்பியில் நீளமான முரட்டு மயிர் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். புழுக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆட்டுப் புழுக்கையும் செம்மறிப் புழுக்கையும் கலந்து கிடந்தால் அனுபவசாலியே தடுமாறுவார். தானியங்கிக் கேமரா நாலைந்து வாங்கி மரங்களில் கட்டிவிடுங்கள், இரண்டு மாதத்தில் உண்மை வந்துவிடும். பக்கத்து எஸ்டேட்டோடு பேசப் போகும்போது அந்தப் படங்கள்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், முயலும் ரோ மானும் பாதி தின்றுகொண்டிருக்கும் இடத்தில் ஆட்டை மட்டும் சுட்டுத் தீர்த்தால் அடுத்த வருடமும் கன்று மொட்டையாகத்தான் நிற்கும், ஊரில் மட்டும் உங்களுக்கு ஆடு கொன்றவர் என்ற பெயர் மிச்சமாகும்.

சரி, இந்த ஆடுகள் யார் என்று மற்ற வாசகர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இவற்றைக் காட்டாடு என்கிறார்கள், ஆனால் அங்கே பிறவிக் காட்டாடு என்று ஒன்று கிடையாது. சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் முதல் விவசாயிகளோடு வந்த வளர்ப்பு வெள்ளாடுகள்தான் தொடக்கம். அந்தந்தக் காலத்தில் பட்டியிலிருந்து தப்பியதும், வேண்டாம் என்று விட்டதும் மலையேறித் தங்கிவிட்டன. காடேறிய வெள்ளாடு என்று நான் சொல்வேன். எல்லையின் ஆங்கிலேயப் பக்கம் செவியட் மலையில் யெவரிங் பெல் என்று ஒரு குன்று, அந்தப் பெயருக்கே பழைய பிரித்தோனிய மொழியில் ஆட்டுக் குன்று என்று பொருள், இன்றும் அந்த வட்டாரத்தில் ஆடு திரிகிறது. உங்கள் பக்கத்தில் லாங்கம், நியூகாசில்டன் மூர்களிலும் மோஃபட் மலைகளிலும் காலோவேயிலும் மந்தைகள் உண்டு. மூர் என்றால் ஹெதர் புதரும் புல்லும் மூடிய, மரம் இல்லாத ஈர மலைமேடு. எஸ்டேட் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தேயிலை ஞாபகம் வரும். இங்கே பேசுவது ஆயிரக்கணக்கான ஏக்கர் வேட்டை நிலம், மேய்ச்சல் நிலம், இப்போது கொஞ்சம் காடு நிலம்.

இந்த ஆட்டுக்கு உண்மையான எதிரி மழை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று நாம் கிண்டலாகச் சொல்வோம், ஸ்காட்லாந்தில் ஓநாயை ஒழித்து முந்நூறு வருடம் ஆகிறது, நனைவது மட்டும் நிற்கவில்லை. செம்மறிக்கு இருக்கும் எண்ணெய்ப் பசை கம்பளி வெள்ளாட்டுக்குக் கிடையாது. மழையும் காற்றும் சேர்ந்தால் பாறை இடுக்கு, குகை, கல்சுவரின் மறைவு என்று ஓடும். உங்கள் பன்னிரண்டு ஏக்கர் காற்று மறைவான பள்ளத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் அவை உங்களைத் தேடி வருவதற்குக் கன்று பாதிக் காரணம், அந்தப் பள்ளம் மீதிக் காரணம்.

இனப்பெருக்கமும் கோணலானது. கிடா சேர்வது ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, சினை ஐந்து மாதம், ஆகவே குட்டி விழுவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில், அதாவது வருடத்திலேயே மோசமான பருவத்தில். மான் புத்திசாலித்தனமாக கோடைத் தொடக்கத்தில் ஈனுகிறது. வெள்ளாடு வெயில் நாட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தை இன்னும் விடவில்லை. உறைபனி மழையில் குட்டிகள் நிறைய சாகும், குளிர்காலம் மிதமாகப் போனால் நிறையத் தங்கும். இதனால்தான் ஒரு வருடம் ஆடே இல்லை என்பார்கள், மூன்று வருடம் கழித்து எங்கு பார்த்தாலும் ஆடு என்பார்கள்.

இப்போது சட்டம். ஸ்காட்லாந்தின் மான் சட்டம் மானுக்கு மட்டும்தான், ஆட்டுக்கு அது பொருந்தாது. சுடக்கூடாத பருவம் என்று ஆட்டுக்குச் சட்டத்தில் எதுவும் இல்லை. உங்கள் நிலத்தில் நிற்கும், யாருக்கும் சொந்தமில்லாத காடேறிய ஆட்டைத் துப்பாக்கி உரிமத்தில் அதற்கு இடம் உள்ள ஒருவர் உங்கள் அனுமதியோடு சுடலாம். காதில் பட்டை இருந்தால் அது யாருடையதோ, தொடாதீர்கள். தேவையில்லாமல் துன்புறுத்துவது குற்றம், அது எந்த விலங்குக்கும் பொருந்தும். அடிபட்ட ஆடு சுவரைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டால் துப்பாக்கியோடு பின்னால் போக உங்களுக்கு உரிமை இல்லை, இதற்கு முன்கூட்டியே எழுத்தில் ஒரு ஒப்பந்தம் வேண்டும். அப்புறம், ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி மலையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஆகவே நீங்கள் சுடும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு சிவப்பு மழைச்சட்டைக்காரர் இருநோக்கியோடு நிற்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறேன், ஊர்ப் பேச்சுக்காகவும்தான். 2025இல் லாங்கம், நியூகாசில்டன் பக்கத்தில் ஒரு நில நிறுவனம் ஆட்டைப் பெருமளவு குறைக்கப்போவதாக அறிவித்ததும் உள்ளூர்க்காரர்கள் கிளம்பி, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, விஷயம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆடுகள் வேறு யாருக்கும் இல்லாத தங்கள் ஊர்ச் சொத்து என்று அங்குள்ளவர்கள் நினைக்கிறார்கள். அந்த உணர்வைச் சட்டப் புத்தகத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

ஆக, சுடலாமா என்றால் சட்டம் தடுக்கவில்லை. சுட்டால் தீருமா என்றால், நீங்கள் தனியாகச் சுட்டால் தீராது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டை ஆடுகள் பிறந்த இடத்தோடு ஒட்டிக்கொள்பவை. தாய் மேய்ந்த சரிவிலேயே மகளும் மேயும். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி யாரிடமாவது இதைச் சொன்னால், இதைச் சொல்ல நீ வெளிநாடு போனாயா என்று சிரிப்பார். இந்த மேய்ச்சல் வட்டம் ஒரு எஸ்டேட்டுக்குள் அடங்காது, இரவு ஒருவர் நிலத்தில் படுக்கும், காலை இன்னொருவர் நிலத்தில் மேயும், மழை வந்தால் உங்கள் பள்ளத்துக்கு வரும். கிடாக்கள் தனிக் கூட்டமாகத் திரிந்து, சேரும் பருவத்தில் மைல் கணக்கில் நடக்கும், அந்த நாற்றம் காற்று அடிக்கும் பக்கம் அரை மைலுக்கு முன்பே வந்துவிடும். நீங்கள் நாலைந்தைச் சுட்டால் மீதி உஷாராகி மேற்கே ஓடும், வேட்டை எஸ்டேட்காரருக்குச் சந்தோஷம், ஒரு மாதம் கழித்து மழையில் திரும்பி வரும், இந்த முறை இரவில். இரவில் வரும் ஆட்டை எண்ணவும் முடியாது, விரட்டவும் முடியாது. கிழக்கே காடு நிறுவனம் வருடம் முழுக்கச் சுடுகிறது என்று எழுதினீர்கள் அல்லவா, உங்கள் நிலத்தில் ஆடு கூடியதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, வேட்டைக்காரர்கள் சுடுவது கிடாவை. கொம்புக்காகக் காசு கொடுப்பவர் பெட்டையைச் சுட மாட்டார். ஐம்பது பெட்டை இருக்கிற மந்தையில் பன்னிரண்டு கிடாவைச் சுட்டால் அடுத்த வருடம் எத்தனை குட்டி குறையும்? ஒன்றுகூடக் குறையாது, மிச்சமிருக்கும் நாலு கிடா போதும். அந்த ஐம்பது பெட்டைக்கு வருடத்தில் இருபத்துநாலு குட்டி தங்குகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதில் பன்னிரண்டு பெட்டைக்குட்டி. கிழடாகிச் சாகும் பெட்டை நாலைந்து என்று கழித்தால், மந்தையை அப்படியே நிறுத்தி வைக்கவே வருடம் ஏழெட்டுப் பெட்டையை எடுக்க வேண்டும், குறைக்க வேண்டுமென்றால் அதற்கும் மேல். என் கணக்கு ஊகக் கணக்குதான், உங்கள் மலையின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மேற்குப் பக்கத்தார் "நாங்கள்தான் வருடா வருடம் சுடுகிறோமே" என்று சொல்லும்போது எதைச் சுடுகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு இந்தக் கணக்கு தேவை.

அந்த எண்ணைப் பெறுவதற்குத்தான் மூன்று பேரும் சேர வேண்டும், என் அனுபவத்தில் அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு மலைத்தொடரில் ஆலோசகராக இருந்தபோது மூன்று நிலக்காரர்களும் தனித்தனியாக எண்ணித் தனித்தனியாக எனக்கு எண் அனுப்பினார்கள், நான் கூட்டி ஒரு அறிக்கை எழுதினேன். ஒருவர் செவ்வாய்க்கிழமை எண்ணியிருக்கிறார், ஒருவர் அடுத்த சனிக்கிழமை, இன்னொருவர் மூன்று வாரம் கழித்து. ஒரே மந்தை மூன்று பேர் கணக்கிலும் இருந்தது. நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கறுப்புக் கிடாவின் படம் மூன்று பேரிடமும் இருந்ததை நான் கவனித்தது, சுட வேண்டிய எண்ணிக்கையை அவர்கள் முடிவு செய்துவிட்ட பிறகு. என் வேலையில் நான் வெட்கப்படும் விஷயங்களில் அது ஒன்று.

நம் ஊர் வரையாட்டுக் கணக்கெடுப்பு இந்த இடத்தில் நல்ல பாடம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில், மலையைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எண்ணின, தமிழ்நாட்டுப் பக்கம் 1,303 என்று வந்தது. மாநில எல்லை வரையாட்டுக்குத் தெரியாது என்பதால்தான் ஒரே நாட்கள். (வரையாடு வேறு கதை, அது அழிவின் விளிம்பில் உள்ள இனம், பெயரில் ஆடு இருந்தாலும் மரபணுவில் செம்மறிக்கு நெருக்கம். அதைக் குறைப்பது பற்றி யாரும் பேசவில்லை, எண்ணும் முறையை மட்டும்தான் சொல்கிறேன்.) உங்கள் மூன்று எஸ்டேட்டும் நீங்களும் சேர்ந்தால் ஆறு ஏழு ஆள் போதும். மார்ச் வாக்கில், பிராக்கன் என்ற உயரமான பெரணிப் புதர் எழும்புவதற்கு முன், காற்றில்லாத தெளிந்த ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். பார்த்த நேரம், போன திசை, பெட்டை, கிடா, குட்டி, நிறம், கொம்பு. வெள்ளாட்டில் ஒரு வசதி, ஒவ்வொன்றும் ஒரு நிறக் கலவை, படம் எடுத்தால் ஆளை அடையாளம் வைக்கலாம், கொம்பில் வருட வளையமும் தெரியும். குட்டி போட்டிருக்கும் பருவம் என்பதால் தூரத்தில் நின்றே எண்ணுங்கள், நாயைக் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு வாரத்தில் இன்னொரு முறை எண்ணுங்கள். செப்டம்பரில் கிடாவும் பெட்டையும் ஒன்றாக நிற்கும்போது மூன்றாவது முறை.

யாரைக் கூப்பிடுவது? எஸ்டேட் முதலாளியை அல்ல, அவர் பெரும்பாலும் லண்டனிலோ எடின்பராவிலோ இருப்பார். வேட்டை எஸ்டேட்டின் ஸ்டாக்கரை, அதாவது மலையில் வேட்டையை நடத்தும் ஊழியரைக் கூப்பிடுங்கள். மலையில் ஆடு எங்கே படுக்கிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் சரி என்றால் முதலாளி பெரும்பாலும் சரி என்பார். ஆட்டைப் பற்றிப் புகார் சொல்லத் தொலைபேசியை எடுக்காதீர்கள், "எண்ணலாம் என்று இருக்கிறேன், கூட வருகிறீர்களா" என்று கேளுங்கள். மார்ச் குளிரில் ஐந்து மணி நேரம் ஒன்றாக நடந்தவர்கள் மேசையில் அமர்ந்து சண்டை போடுவது கொஞ்சம் கடினம்.

மேசை ஒன்று ஏற்கனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பல வட்டாரங்களில் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்த மான் மேலாண்மைக் குழுக்கள் உண்டு, சேர்ந்து எண்ணி, யார் எத்தனை எடுப்பது என்று பேசிக்கொள்வார்கள். பெயரில் மான் இருந்தாலும் ஆட்டை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், மானை எண்ணும் நாளிலேயே ஆட்டையும் எண்ணிவிட்டால் ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

பேச்சில் ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். எல்லாருக்கும் ஒரே எண் என்று முடிவு செய்யப் பார்ப்பது அது. வேட்டை எஸ்டேட்டும் காடு நிறுவனமும் ஒரே அடர்த்திக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் தேவையில்லை. மோஃபட் மலையிலேயே பாருங்கள். ஒயிட் கூம் மலையின் ஒரு பக்கம் கேரிஃப்ரன் பள்ளத்தாக்கு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி பொதுமக்கள் பணத்தில் வாங்கியது, செம்மறியையும் ஆட்டையும் வெளியேற்றி லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள், இன்று அது காடு. மலையின் மறுபக்கம் கிரே மேர்ஸ் டெயில் அருவி, ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் நிலம், அங்கே காட்டாட்டைப் பார்ப்பதற்கென்றே ஆள் வருகிறார்கள். ஒரே மலை, இரண்டு நோக்கம். அங்கேயும் உரசல் இல்லாமல் இல்லை. டவுனி வில்லோ என்று ஒரு குட்டை வில்லோ அந்த மலைகளில் செங்குத்துப் பாறை விளிம்புகளில் மட்டும்தான் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருந்தது, செம்மறி எட்டாத இடம் என்பதால். ஆட்டுக்கு எட்டாத விளிம்பு எது? ஆட்டுக்குப் பிடிக்காத இலை அபூர்வம் என்பதால்தானே ஆடுதொடாவுக்கு அப்படி ஒரு பெயரே வைத்தார்கள்.

ஆகவே எங்கே ஒரு ஆடும் கூடாது, எங்கே கொஞ்சம் இருக்கலாம், எங்கே தாராளமாக இருக்கலாம் என்று வரைபடத்தில் மூன்று நிறம் தீட்டுங்கள். நடுகைக்காடும் பாறை விளிம்புத் தாவரங்களும் முதல் நிறம். திறந்த மூரின் மேல் பகுதி மூன்றாவது. உங்கள் நிலத்தில் பன்னிரண்டு ஏக்கர் முதல் நிறம், மீதி இருபத்தெட்டு இரண்டாவதாக இருக்கட்டுமே, மலையாட்டை ஜன்னலிலிருந்து பார்ப்பதில் உங்களுக்கும் ஆசை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. வடக்கு அறக்கட்டளையின் நிலத்தில் அறிவியல் முக்கியத்துவத்துக்காகப் பாதுகாக்கப்பட்ட இடம் இருந்தால், ஸ்காட்லாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட்டின் அலுவலகத்தையும் கூட்டத்துக்கு அழையுங்கள். "பார்க்கலாம்" என்பவர்களைப் பார்க்க வைக்க அது உதவும்.

பெட்டையைக் குறைக்கத்தான் வேண்டும் என்று நால்வரும் முடிவு செய்தால் எப்போது என்பதிலும் ஒத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் பருவம் இல்லை என்பதற்காக மனசாட்சியிலும் இருக்கக்கூடாது என்று இல்லையே. ஜனவரியிலிருந்து கோடை நடு வரை பெட்டையைத் தொடவே கூடாது, குட்டி பாறை இடுக்கில் பட்டினியில் சாகும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை குட்டிகள் எட்டு ஒன்பது மாதமாகித் தானாக மேயும், பெரும்பாலானவற்றுக்குச் சினையும் முற்றியிருக்காது, நான் சொல்வது அந்த ஆறேழு வாரத்தைத்தான். பழகிய ஸ்டாக்கர் ஒருவரே எல்லா நிலத்திலும் செய்யட்டும், எல்லை தாண்டும் தொல்லையும் போகும். கிழக்கு நிறுவனம் வருடம் முழுக்கச் சுடுவதை நிறுத்துவதற்கு ஈடாக, அந்த ஆறேழு வாரத்தில் அவர்கள் கேட்கும் எண்ணில் ஒரு பகுதியை மேற்கு எஸ்டேட் பெட்டையாக எடுக்கட்டும். கிடா வேட்டைக் காசு மேற்கு எஸ்டேட்டுக்குத் தொடரும். இந்தப் பேரத்தை அவர்களாகப் பேச மாட்டார்கள். இரண்டு பேருக்கும் பகை இல்லாத நீங்கள் பேசலாம்.

பிடித்து வேறிடத்தில் விடுவது பற்றிக் கேட்டீர்கள். முடியும், ஆனால் நான் அதைத் தள்ளிப் போடுவேன். பிடித்து அடைத்த நிமிடத்திலிருந்து அது வளர்ப்பு ஆட்டின் சட்டங்களுக்குள் வந்துவிடுகிறது, காதுப்பட்டை, பண்ணை எண், இடம் மாற்றும் ஆவணம். எடுத்துக்கொள்ள ஆள் இருந்தாலும் நாலைந்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மலையாட்டைத் துரத்திப் பிடிப்பதில் கால் முறிவதும் அதிர்ச்சியில் சாவதும் உண்டு, துப்பாக்கியைவிட அது கருணையானது என்று எனக்குத் தோன்றவில்லை. கருத்தடை ஊசி பற்றி உங்கள் மகள் படித்திருப்பாள். வேல்ஸில் லாண்டுட்னோ ஊரை ஒட்டிய கிரேட் ஓர்ம் குன்றில் அதைச் செய்தார்கள். அது மூன்று பக்கம் கடல் சூழ்ந்த சின்னக் குன்று, மனிதரைக் கண்டு மிரளாத ஆடு. அங்கேயே 2020 ஊரடங்கில் ஊசி நின்றதும் எண்ணிக்கை கூடிவிட்டது, ஆள் இல்லாத தெருவில் ஆடு உலாவிய படங்களை உலகமே பார்த்தது. உங்கள் மலையில் ஒவ்வொரு பெட்டையையும் தேடிப் பிடித்து மறுபடி மறுபடி ஊசி போடுவது நடக்காத காரியம்.

வேலியை விட்டுவிட்டேன். இவ்வளவு பேச்சும் பலன் தர இரண்டு வருடம் ஆகும், கன்றுகள் அதுவரை காத்திருக்காது. பன்னிரண்டு ஏக்கரைச் சுற்றி இப்போதே வேலி போடுங்கள், மானிய ஒப்பந்தத்தில் அதற்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். செம்மறி வேலி போதாது. மான் வேலி உயரம் வேண்டும், முக்கியமாக மூலைக் கம்பங்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுக்கும் கட்டைகள் உள்பக்கம் இருக்க வேண்டும், வெளியே இருந்தால் ஆடு அதில் படிக்கட்டு போல ஏறிவிடும். பழைய கல்சுவரை நம்பாதீர்கள், அது ஆட்டுக்கு மொட்டை மாடி. பனி பெய்து காற்றில் வேலியோரம் குவிந்தால் வேலியின் உயரம் பாதியாகிவிடும், அந்த நாட்களில் போய்ப் பாருங்கள். வேலியை அடைப்பதற்கு முன் உள்ளே ஆடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், ஒரு பெட்டையும் இரண்டு குட்டியும் உள்ளே மாட்டி ஒரு நண்பரின் நடுகை ஒரே மாதத்தில் போனது.

மகளிடம் என்ன சொல்வது என்று கடைசியில் கேட்டீர்கள். பொய் சொல்ல வேண்டாம் என்பேன். ஆடுகளில் சிலவற்றைச் சுட வேண்டி வரலாம், வராமலும் போகலாம், இன்னும் யாருக்கும் எண்ணே தெரியாது என்று சொல்லுங்கள், அது உண்மை. அப்புறம் அவளிடம் ஒரு நோட்டும் கேமரா படங்களும் கொடுத்து, ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம் போடச் சொல்லுங்கள், நிறம், கொம்பு வளையம், கூட எத்தனை குட்டி, எந்தத் தேதியில் எந்தச் சரிவில் என்று. பெயர் வைப்பாள், வைக்கட்டும். மார்ச்சில் எண்ணப் போகும்போது ஸ்டாக்கர் தன் எண்ணைச் சொல்வார், காடு நிறுவனத்தார் தங்கள் எண்ணைச் சொல்வார்கள், ஒரே கிடாவை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்களா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவளாக இருப்பாள். ஏப்ரலில் அந்த நோட்டின் படத்தையும் தண்டு வெட்டுகளின் புதிய படங்களையும் எனக்கு அனுப்புங்கள், பெட்டை எண்ணிக்கையை அப்போது உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.